திறந்த மூல மென்பொருளும் நமது பொறுப்பும்

தமிழ்நாட்டுக்கு வெளியே எந்த ஊரில் ஐம்பது தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்தாலும் முதலில் தோன்றுவது ஒரு சங்கம். பிறகு ஒரு வாடகை அறை, ஒரு புத்தக அலமாரி, பொங்கல் விழா, பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். இது நெடுநாளைய வழக்கம். அண்மைக் காலத்தில் இந்த வரிசையில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டிருக்கிறது. அது சங்கத்துக்கென்று சொந்தமாக ஒரு கணினி. உறுப்பினர் பதிவேடு, சந்தாக் கணக்கு, விழாப் படங்கள், வகுப்புப் பாடங்கள் எல்லாம் அதிலேதான். இவற்றை நடத்தும் மென்பொருள் பெரும்பாலும் விலை கொடுத்து வாங்கியதன்று. உலகின் ஏதோ ஒரு மூலையில் யாரோ எழுதி, வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்தது. இதனைத் திறந்த மூல மென்பொருள் என்கிறோம்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நம்மவர் பழமொழி. கொடுத்தவர் மனம் நோகலாகாது என்பதற்காகச் சொன்னது அது. மென்பொருள் விஷயத்தில் நிலைமை நேர்மாறு. இங்கே கொடுத்தவரே வாயைத் திறந்து காட்டி, பல்லைப் பார்த்துக்கொள் என்று சொல்லித்தான் கொடுக்கிறார். பாராமல் ஓட்டிவந்துவிட்டால் குற்றம் நம்முடையதே. ஓட்டிவந்த பின்னர்த் தொழுவம் நம் பொறுப்பு. தீவனம் நம் பொறுப்பு. கட்டுத்தறியை அறுத்துக்கொண்டு போய் அடுத்தவர் பயிரை மேய்ந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் நாமே. ஆகவே மூன்று வினாக்களை இங்கே எடுத்துக்கொள்வோம். இம்மென்பொருளை ஆக்கியவருக்கு நாம் எவ்வாறு கடமைப்பட்டிருக்கிறோம்? நாட்டின் சட்டத்துக்கு எவ்வாறு? நம்மை நம்பித் தம் விவரங்களை ஒப்படைத்தவர்களுக்கு எவ்வாறு?

மூலம் என்னும் சொல் என் தொழிலில் அன்றாடம் புழங்குவது. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் விதிகளையும் அறிக்கைகளையும் தமிழாக்கும் வேலை என்னுடையது. மொழிபெயர்ப்பு மட்டும் கையில் இருந்தால் படிக்கலாம். அதில் ஐயம் நேர்ந்தால் தீர்த்துக்கொள்ள மூலம் வேண்டும். கணினியிலும் அப்படியே. ஒருவர் மனிதர் படித்தறியக்கூடிய வடிவில் நிரலை எழுதுகிறார், அது மூலநிரல். பின்னர் அது பொறிக்கு மட்டுமே விளங்கும் எண்களாக மாற்றப்படுகிறது. கடையில் வாங்கும் மென்பொருளில் பெரும்பாலும் இந்தப் பிற்பட்ட வடிவமே கிடைக்கும். அதனை ஓட்டலாம், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க இயலாது, பிழை இருந்தால் திருத்தவும் இயலாது.

இந்தக் குறையை ஒருவர் நேரில் அனுபவித்தார். 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் அவர். அங்கிருந்த பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொண்டால் காத்திருப்போருக்குக் கணினி வாயிலாகச் செய்தி போகும்படி அவர் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். புதிய அச்சுப்பொறி வந்தது; அதன் மூலநிரல் வரவில்லை. அதனை வைத்திருந்த ஒருவரிடம் கேட்டபோது, யாருக்கும் தருவதில்லை என்று ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருப்பதாகக் கூறி மறுத்துவிட்டார். அறிவை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்துக்கே இது கேடு என்று ஸ்டால்மன் கருதினார். 1983இல் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். 1989இல் குனூ பொது உரிமத்தின் முதற் பதிப்பை வெளியிட்டார். 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்னும் கருநிரலை வெளியிட்டு, அடுத்த ஆண்டில் அதனை அவ்வுரிமத்தின்கீழ்க் கொண்டுவந்தார். திறந்த மூலம் என்னும் பெயர் 1998இல் வழக்குக்கு வந்தது.

நம் நாட்டிலும் இதற்கு வேர் உண்டு. லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட பாஸ் என்னும் இயக்கமுறையைச் சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. கேரளத்து அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் குனூ/லினக்ஸ் கணினிகளில்தான் பயில்கிறார்கள். மத்திய அரசும் 2015இல் திறந்த மூல மென்பொருளை ஏற்பதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது.

இங்கே ஒரு மயக்கத்தை முதலில் நீக்கிக்கொள்ள வேண்டும். திறந்தது என்பதால் உடைமையாளர் அற்றது என்று பொருளன்று. கோயில் திருக்குளத்தில் யாரும் நீர் முகந்துகொள்ளலாம். அதற்காகக் குளத்துக்கு முறை இல்லை என்று ஆகாது. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம், 1957, கணினி நிரலையும் இலக்கியப் படைப்பு என்னும் வகுப்பில் வைத்துக் காக்கிறது. ஆசிரியர் வாழ்நாளும், அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும் அவ்வுரிமை நீடிக்கும். உரிமம் என்பது, இன்னின்ன நிபந்தனைகளுக்கு உட்பட்டால் நீ இதனைப் பயன்படுத்தலாம் என்று ஆசிரியர் தரும் இசைவு. நிபந்தனையை மீறினால் இசைவு இல்லை. இசைவு இல்லையேல் பதிப்புரிமை மீறல். உரிமம் ஏதும் குறிப்பிடாமல் பொதுவில் ஒரு நிரல் கிடந்தால், எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணிவிடலாகாது. அங்கே இசைவே தரப்படவில்லை என்பதுதான் சட்டப்படி பொருள். உரிமை மீறிய நிரற்பிரதி என்று அறிந்தே கணினியில் பயன்படுத்துவோருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இச்சட்டத்தில் இடமுண்டு.

உரிமங்கள் பல இருப்பினும், நம் தேவைக்கு அவற்றை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் வகை எளியது. எம்.ஐ.டி. உரிமம், பி.எஸ்.டி. உரிமம், அப்பாச்சி உரிமம் போன்றவை இதில் அடங்கும். ஆசிரியர் பெயரையும் உரிம வாசகத்தையும் அழிக்காமல் உடன் வைத்திருந்தால் பெரும்பாலும் போதும். இரண்டாம் வகை குனூ பொது உரிமம். இதன்கீழ் வந்த நிரலை உங்கள் கணினியில் நீங்கள் மட்டும் ஓட்டிக்கொள்ளவும், மனம்போல் திருத்திக்கொள்ளவும் தடையில்லை. யாரிடமும் சொல்லவும் வேண்டா. ஆனால் பிறருக்குப் பிரதி கொடுத்தால், அதே உரிமத்தோடு, மூலநிரலையும் அவர் பெறும்படி கொடுக்க வேண்டும். மூன்றாம் வகை அஃபெரோ பொது உரிமம். இதன் மூன்றாம் பதிப்பு 2007இல் வந்தது. பிரதி கொடுக்காமலே, நிரலைத் திருத்தி, வலைப்பின்னல் வழியே பிறர் பயன்படுத்தச் செய்தாலும், அவ்வாறு பயன்படுத்துவோருக்குத் திருத்திய மூலநிரல் கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்கிறது அது. கோப்புகளைச் சேமித்துப் பகிரப் பல சங்கங்கள் வைத்திருக்கும் நெக்ஸ்ட்கிளவுட் இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தது.

இவையெல்லாம் காகிதத்தில் எழுதிய நல்லுரைகள்தாமே, நீதிமன்றத்தில் நிற்குமா என்று கேட்பவர் உண்டு. நின்றிருக்கின்றன. அமெரிக்காவில் ராபர்ட் ஜேக்கப்சன் என்னும் இயற்பியல் பேராசிரியர் பொம்மை இரயில்களை ஓட்டுவதற்கான நிரல் ஒன்றைப் பொழுதுபோக்காக எழுதிப் பொதுவில் வைத்தார். ஒரு வணிகர் அதன் பகுதிகளை எடுத்து, ஆசிரியர் பெயர் முதலிய குறிப்புகளை விட்டுவிட்டுத் தம் பொருளில் சேர்த்துக்கொண்டார். இலவசமாகக் கொடுத்ததற்கு என்ன நட்டம் என்பதுதான் வழக்கின் உட்கேள்வி. 2008 ஆகஸ்டில் அந்நாட்டுக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், காசு வாங்காமல் தருகிறவரும் தம் படைப்பின்மேல் நிபந்தனை விதிக்க உரிமையுடையவர், அந்நிபந்தனையை மீறுவது பதிப்புரிமையை மீறுவதாகலாம் என்று தீர்ப்பளித்தது. ஜெர்மனியில் 2004இலேயே மியூனிக் நீதிமன்றம் குனூ பொது உரிமம் செல்லும் என்று கூறியிருந்தது.

வழக்கின்றியே நன்மை விளைந்ததும் உண்டு. 2003இல் லிங்க்சிஸ் நிறுவனத்தின் வீட்டு வலைப்பின்னல் கருவி ஒன்றில் லினக்ஸ் நிரல் இருப்பதைச் சிலர் கண்டுபிடித்தனர். உரிமத்தின்படி மூலநிரலைத் தருமாறு கேட்டனர். நிறுவனமும் இறுதியில் வெளியிட்டது. அந்த மூலநிரலிலிருந்து கிளைத்ததே ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் திட்டம். கைவிடப்பட்ட பழைய கருவிகள் பலவற்றுக்கு அது மறுவாழ்வு தந்துவருகிறது.

இனி இவற்றை நம் சங்க அறைக்குக் கொண்டுவருவோம். தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் அடங்கிய ஒரு பென் டிரைவைப் பரிசாகக் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பிரதி கொடுத்தல். உரிம வாசகம் உடன் இருக்க வேண்டும். மூலநிரலும் இருக்க வேண்டும், அல்லது அதனைப் பெறும் வழி உரிமத்தில் கூறியவாறு தெரிவிக்கப்பட வேண்டும். சங்கத்து இளைஞர் ஒருவர் நெக்ஸ்ட்கிளவுட் நிரலைத் திருத்தி நாட்காட்டியில் தமிழ் மாதங்களைச் சேர்த்திருக்கிறார் என்றால், திருத்திய நிரல் கிடைக்கும் இடத்தை அத்தளத்திலேயே காட்டிவிட வேண்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை, அந்தத் திருத்தம் நாக்பூரிலோ ஜாம்ஷெட்பூரிலோ உள்ள இன்னொரு சங்கத்துக்கு உதவும். எந்தெந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்த உரிமம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் பாதிக் கடமை முடிந்தது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மென்பொருள் கட்டற்றது என்பதனால் அதில் நாம் ஏற்றும் பொருளும் கட்டற்றதாகிவிடாது. விழாவில் ஒலித்த திரைப்பாட்டு, வார இதழிலிருந்து படம் பிடித்த சிறுகதை, எங்கோ எடுத்த எழுத்துரு ஆகிய ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் உண்டு. ஒலிப்பதிவுக்கும் திரைப்படத்துக்கும் நம் சட்டப்படி, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் உரிமை உண்டு.

ஆக்கியவருக்குரிய கடமை இவ்வளவே. அடுத்தது கனமானது. திறந்த மூல உரிமங்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் முடிவில் ஒரு பத்தி இருக்கும். யாரும் படிப்பதில்லை. இம்மென்பொருள் உள்ளது உள்ளபடியே தரப்படுகிறது, எவ்வித உத்தரவாதமும் இல்லை, இதனால் விளையும் நட்டத்துக்கு ஆக்கியோர் பொறுப்பல்லர் என்பது அதன் கருத்து. மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் எத்தனையோ ஒப்பந்தங்களில் இத்தகைய வாசகங்களைத் தமிழாக்கியிருக்கிறேன். அதன் முழுப் பொருள் எனக்கு விளங்கியது பிற்பாடுதான். ஆக்கியவர் பொறுப்பல்லர் என்றால் பொறுப்பு எங்கோ மறைந்துவிடுவதில்லை. எடுத்து நடத்துகிறவர் தலைமேல் வந்து அமர்கிறது.

இதனை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். 2020 மார்ச்சு இறுதியில் ஊரடங்கு வந்தபோது, நான் வாழும் வடமாநில நகரத்தில் தமிழ்த் தொழிலாளர் பலர் அகப்பட்டுக்கொண்டார்கள். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஆழ்குழாய்க் கிணற்று வண்டிகளோடு வந்தவர்கள், முறுக்குச் சுட்டு விற்பவர்கள், மருத்துவமனைச் செவிலியர், தேர்வுக்குப் படிக்க வந்த மாணவர். இவர்களுக்கு அரிசி பருப்பு கொடுக்கவும் ஊர் அனுப்பவும் நான் சார்ந்திருந்த மன்றம் முன்வந்தது. இளம் பொறியாளர் ஒருவர் ஒரே இரவில் மன்றத்தின் கணினியில் திறந்த மூலப் படிவ மென்பொருள் ஒன்றை அமைத்தார். பெயர், தொலைபேசி எண், சொந்த ஊர், அடையாள அட்டை எண், உடன் இருப்போர், உடல்நலக் குறை என்று அதில் கேட்டோம். படிவத்தைத் தமிழில் எழுதியவன் நான். தொலைபேசியில் சொன்னவர்களின் விவரங்களை உட்கார்ந்து பதிந்தவர்களிலும் நான் ஒருவன். மே மாதத்தில் சிறப்பு இரயில்கள் ஓடத் தொடங்கின. எல்லோரும் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். நாங்கள் மகிழ்ந்தோம். பட்டியல் மட்டும் கணினியிலேயே கிடந்தது.

அடுத்த ஆண்டு அந்தப் பொறியாளருக்கு மாற்றல் வந்தது, குவஹாத்தி போனார். கடவுச்சொல்லும் அவரோடு போயிற்று. கணினி அறையின் மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. நாங்களும் அது ஓடுகிறதே என்று இருந்துவிட்டோம். 2023இல் செவிலியர் ஒருவரிடமிருந்து மன்றத்துக்குத் தொலைபேசி வந்தது. முன்பின் அறியாதவர்கள் அவரை அழைத்து, அவர் ஊரையும் அடையாள எண்ணையும் சரியாகச் சொல்லி, வாங்காத கடனுக்குப் பணம் கேட்டு மிரட்டுகிறார்கள். அவர்கள் அனுப்பிய கடிதத்தில் அவர் பெயர் ஓர் எழுத்துப் பிழையோடு இருந்தது. அந்தப் பிழையோடு தம் பெயர் எழுதப்பட்டது வாழ்நாளில் ஒரே இடத்தில்தான், அது உங்கள் பட்டியலில்தான் என்றார் அவர். அப்பிழையைச் செய்தவன் நான்.

ஆராய்ந்ததில் காரணம் எளிதாக இருந்தது. படிவ மென்பொருளில் ஒரு பாதுகாப்புக் குறை இருந்தது. அதனை ஆக்கியவர்களே கண்டறிந்து, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே திருத்தம் வெளியிட்டு, எல்லோரும் உடனே ஏற்றிக்கொள்ளுங்கள் என்று அறிவித்தும் இருந்தார்கள். கேட்பதற்கு எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. கணினியை வலைப்பின்னலிலிருந்து துண்டித்தோம். பிறகு நாங்கள் நால்வர், பட்டியலில் இருந்த ஒவ்வொருவரையும் அழைத்து நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். பல எண்கள் உபயோகத்தில் இல்லை. கிணற்று வண்டித் தொழிலாளி ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அன்றைக்கு நீங்கள் கொடுத்த அரிசியை மறக்கவில்லை, சார். ஆனால் நான் ஊர் வந்து சேர்ந்த பிறகு என் நம்பரை ஏன் இத்தனை நாள் வைத்திருந்தீர்கள்?" என்றார். அதற்கு எங்களிடம் விடை இல்லை.

இத்தகைய தவறு சிறு மன்றங்களுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் ஈக்விபாக்ஸ் என்னும் பெரிய கடன்தகவல் நிறுவனம் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்னும் திறந்த மூல மென்பொருளைப் பயன்படுத்தி வந்தது. அதிலிருந்த குறைக்கு 2017 மார்ச்சில் திருத்தம் வெளியாயிற்று. நிறுவனம் ஒரு தளத்தில் அதனை ஏற்றாமல் விட்டது. மே மாதம் முதல் உள்ளே நுழைந்தவர்கள் சுமார் 14 கோடியே 70 இலட்சம் பேரின் விவரங்களை எடுத்துப் போனார்கள். மென்பொருள் திறந்தது என்பதனால் திருட்டு நடக்கவில்லை. திருத்தம் கையருகே இருந்தும் ஏற்றாமையால் நடந்தது. திறந்திருப்பதன் நன்மையையும் பாருங்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்னும் சிறு நிரற்கூறில் யாரோ கள்ள வழி ஒன்றைப் புகுத்தியிருந்தனர். ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்னும் பொறியாளர், தம் கணினியில் உள்நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாவதைக் கண்டு, காரணம் தேடிப் போய், மூலத்தைப் புரட்டி அதனை அம்பலப்படுத்தினார். மூலம் பூட்டிக் கிடந்திருந்தால் அவர் எதைப் புரட்டியிருப்பார்?

பொருளை இழப்பது ஒரு வகை. அழிந்துபோவது இன்னொரு வகை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் பணியாளர் ஒருவர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். ஐந்து வகைக் காப்பு ஏற்பாடுகள் இருப்பதாக நம்பியிருந்தனர். வேளை வந்தபோது அவை எதுவும் நம்பியபடி உதவவில்லை. தற்செயலாகச் சுமார் 6 மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு பிரதியால் மீண்டனர். அதனை மறைக்காமல் உலகறியச் சொன்னது அவர்கள் பெருமை. 2021 மார்ச்சு 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் தீப்பற்றி எரிந்தபோது, மூலப் பிரதியையும் காப்புப் பிரதியையும் ஒரே இடத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முதன்மைக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டது. ஒருவர் தம் வீட்டு உபயோகத்துக்காக உறவினர் முகவரிகளை வைத்திருப்பதற்கு இச்சட்டம் பொருந்தாது. சங்கம் என்று வந்துவிட்டால் அந்த விலக்கை நம்பியிருக்க இயலாது. பதிவு செய்த அமைப்பானாலும் செய்யாத குழுவானாலும் சட்டம் அதனை ஒரு நபராகவே கொள்கிறது. எதற்காகக் கேட்கிறோம் என்பதைத் தெளிவாகக் கூறி இசைவு பெற வேண்டும். கேட்ட காரியத்துக்கே பயன்படுத்த வேண்டும். காரியம் முடிந்ததும், வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னாலன்றி, அழித்துவிட வேண்டும். 18 வயது நிரம்பாத பிள்ளைகளின் விவரத்துக்குப் பெற்றோரின் இசைவு வேண்டும். ஆகவே தமிழ் வகுப்புப் பதிவேடு தனிக் கவனத்துக்குரியது. தகுந்த பாதுகாப்புச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. மீறல் நேர்ந்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். வாரியத்துக்கு விரிவான அறிக்கை 72 மணி நேரத்துக்குள் போக வேண்டும் என்பது விதி.

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, இன்னொரு பக்கத்தைக் காக்கிறது. அதன்கீழ் இயங்கும் செர்ட்-இன் என்னும் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று ஆணை ஒன்று வெளியிட்டது. சேவை வழங்குவோரும், இடைநிலையாளரும், தரவு மையங்களும், நிறுவனங்களும், அரசு அமைப்புகளும் கணினித் தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நடவடிக்கைப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பன அதில் உள்ளவை. உங்கள் தளத்தில் உறுப்பினர்கள் தாங்களே எழுதியும் படம் ஏற்றியும் வருவார்களாயின், இடைநிலையாளர் என்னும் நிலை உங்களுக்கு வரக்கூடும். உறுதியாக அறிய, உறுப்பினருள் வழக்கறிஞர் ஒருவரைக் கேளுங்கள்; எந்தச் சங்கத்திலும் ஒருவராவது இருப்பார்.

இவ்வளவு தொல்லை இருக்க, பெரிய நிறுவனங்களின் இலவச ஏற்பாடுகளிலேயே வைத்துவிடலாமே என்று தோன்றலாம். சில காரியங்களுக்கு அதுவே தக்கது. வாடகை வீட்டில் கூரை ஒழுகினால் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். ஆனால் அவர் விதித்தது சட்டம், அவர் சொன்ன நாளில் காலி செய்ய வேண்டும். சொந்த வீட்டில் நாமே அரசர்; கூரை ஏறுகிறவரும் நாமே. வீட்டைக் கட்டிப்பார் என்று பெரியோர் சொன்னதில் இரண்டும் அடங்கும். சொந்தமாக நடத்துவதென்று துணிந்தால், சில ஒழுங்குகளை முதல் நாளிலேயே வகுத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று: பொறுப்பாளர் இருவருக்குக் குறையலாகாது. மத்திய அரசு ஊழியரும் வங்கி ஊழியரும் மிகுந்த நம் சங்கங்களில் மாற்றல் உத்தரவு எந்த மாதமும் வரும். கடவுச்சொற்களை முத்திரையிட்ட உறையில் செயலாளரும் பொருளாளரும் வைத்திருந்து, பொறுப்பு மாறும்போது கணக்குப் புத்தகத்தோடு ஒப்படைத்து, உடனே மாற்றிவிட வேண்டும்.

இரண்டு: பயன்படுத்தும் ஒவ்வொரு மென்பொருளின் பாதுகாப்பு அறிவிப்புகளும் ஒருவருக்கேனும் வந்து சேர வேண்டும். புதுப்பிப்புகளைத் தானே ஏற்றிக்கொள்ளும் வசதி இருந்தால் அதனை இயக்கிவிடுங்கள்.

மூன்று: காப்புப் பிரதி மூன்று இருக்கட்டும், இரண்டு வகைச் சாதனங்களில் இருக்கட்டும், ஒன்றாவது வேறு கட்டடத்தில் இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பாராத பிரதியை நம்பலாகாது.

நான்கு: கேட்காத விவரம் களவு போகாது. அரிசி கொடுக்க அடையாள எண் தேவையில்லை. படிவத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே, இது எதற்கு, என்றைக்கு அழிப்போம் என்று எழுதிப் பாருங்கள். விடை எழுத முடியாத கட்டத்தை அடித்துவிடுங்கள்.

ஐந்து: ஆண்டுப் பொதுக்குழுவில் வரவுசெலவுக் கணக்கு வாசிப்பது போலவே, எவருடைய விவரங்கள் எங்கே இருக்கின்றன, எவை அழிக்கப்பட்டன என்றும் வாசியுங்கள். இவ்வைந்தையும் செய்ய ஆளில்லையென்றால், படங்களையும் பாடங்களையும் மட்டும் சொந்தக் கணினியில் வைத்துக்கொண்டு, மனிதர் விவரங்களை அதில் வையாதிருப்பதே நேர்மை.

முடிவாக, கொடுத்தவருக்கு நாம் திருப்பிச் செய்யக்கூடியதும் உண்டு. உலகமெங்கும் ஓடும் இம்மென்பொருள்களில் சிலவற்றைப் பேணுவோர் ஓரிருவரே. ஊதியமின்றி, ஓய்வு நேரத்தில். பிழை கண்டால் தெளிவாக எழுதி அனுப்புவதும், சங்க நிதியில் ஆண்டுக்கு ஒரு சிறு தொகை ஒதுக்குவதும், தமிழாக்கத்தில் கைகொடுப்பதும் நம்மால் இயன்றவை.

எங்கள் மன்றத்தில் இப்போது அந்தப் பழைய பட்டியல் இல்லை. காப்புப் பிரதிகளிலிருந்தும் அழித்தாயிற்று. புதிய படிவத்தையும் நான்தான் எழுதினேன். அதன் முதல் வரியில், இவ்விவரங்கள் எந்தத் தேதியில் அழிக்கப்படும் என்று குறித்திருக்கிறோம். அந்தத் தேதி வந்ததும் அழிக்க வேண்டியவர் இருவர் பெயர் அதற்கு அடுத்த வரியில் இருக்கிறது. அவற்றுள் ஒன்று என் பெயர்.